கருங்கீரிக்குச் சாவு கிடையாது

எனக்கு ஓடிப் பழக்கமில்லை சார். முழங்கால் தேய்ந்துபோன ஆள். மாடிப்படியைப் பார்த்தாலே கைப்பிடி எந்தப் பக்கம் என்று தேடுகிறவன். அன்றைக்கு மட்டும் ஓடினேன். விருந்தினர் வரிசையிலிருந்து எழுந்து, பக்கத்து நாற்காலியைச் சாய்த்துவிட்டு, தடுப்புக் கம்பியில் கால்சட்டை கிழிய ஏறிக் குதித்து, மேடையை நோக்கி ஓடினேன்.

இரண்டு பக்கமும் ஜனம் கைதட்டிக்கொண்டிருந்தது. விசில் காதைக் கிழித்தது. ரசிகர் மன்றத்து ஆள் ஒருவன் என் தோளைப் பிடித்து, "போஸ்டர் அண்ணே, ஒரே ஒரு செல்ஃபி" என்றான். அவன் கையைத் தட்டிவிட்டேன்.

மேடை நடுவில் பலகை உடைந்து ஒரு குழி. குழிக்குள் கருங்கீரி மல்லாந்து கிடந்தான். உச்சந்தலையிலிருந்து கழுத்துவரை இறுகப் பிடிக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் முகமூடியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. மூக்குக்கும் வாய்க்கும் சின்னச் சின்னக் கீறல்கள், அவ்வளவுதான். வலது தொடை எலும்பு உடையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பாதம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் கைதட்டல். ஜனத்தைக் குறை சொல்லமாட்டேன். ஐந்து படமாக அவன் விழுவதையும் எழுவதையும் பார்த்தவர்கள். எழுந்திருப்பான் என்று காத்திருந்தார்கள்.

நான் குழிக்குள் இறங்கி அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு வேண்டும். தெரியும். ஆனால் நான் விளம்பரக்காரன். கடைசிக் காட்சியை முதலிலேயே காட்டிப் பழக்கமில்லை. வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைப் 'போஸ்டர்' என்று கூப்பிடுவது கிண்டல் இல்லை. பசை வாளியும் தூரிகையுமாகச் சுவர் சுவராக அலைந்து தொழிலுக்கு வந்தவன் நான். பின்னால் கம்பெனியில் விளம்பரப் பிரிவுக்குத் தலைவனாகி, குளிரூட்டிய அறை, சுழல் நாற்காலி எல்லாம் வந்தும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பசை நல்ல பசை.

கருங்கீரிப் படங்களை எப்படி எடுப்போம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? முதலில் தேதி. பள்ளி விடுமுறை என்றைக்கு, எதிர்க் கம்பெனிப் படம் என்றைக்கு என்று பார்த்து மூன்று வருஷத்துக்கு முன்பே தேதி குறித்துவிடுவோம். பிறகு பொம்மை. பொம்மைக் கம்பெனிக்காரர், இந்தத் தடவை கருங்கீரிக்கு ஒரு வால் இருந்தால் நன்றாக விற்கும் என்பார். வால் வந்துவிடும். வால் ஏன் வந்தது என்று யோசிப்பதற்குக் கடைசியில் ஒரு கதாசிரியரைக் கூப்பிடுவோம். நாலாம் பாகத்தில் வந்த வால் ஐந்தாம் பாகத்தில் காணாமல் போனது. ஏன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. திட்டுகிற ரசிகனை வைத்துப் பிழைக்கலாம். எதையும் கேட்காத ரசிகன் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம்.

படம் வெளியாகுமுன் பரிசோதனைக் காட்சி ஒன்று நடத்துவோம். தெருவில் போகிறவர்களை அழைத்து வந்து உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு குமிழ் கொடுப்போம். பிடித்தால் வலது பக்கம் திருக வேண்டும், சலித்தால் இடது பக்கம். பின்னறையில் என் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கிழவனானேன். ஐந்தாம் பாகத்தில் கருங்கீரி ஒரு நகரத்தையே தூக்கி இன்னொரு நகரத்தின் மேல் போட்டான். கோடு படுத்தே கிடந்தது. ஒரே ஒரு குமிழ் மட்டும் படம் முழுக்க உச்சத்திலேயே நின்றது. ஆஹா, ஒரு ரசிகனாவது மிச்சம் என்று எட்டிப் பார்த்தேன். அவர் குமிழின் மேல் கையை ஊன்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சி முடிந்து ஜனம் எழுந்திருக்கும்போது, படப்பிடிப்பில் எடுத்த துண்டுப் படம் ஒன்று தவறுதலாகத் திரையில் ஓடியது. கருங்கீரிக்கு டூப் போடுகிறவர் பாலத்திலிருந்து குதிக்கிறார். கணக்குத் தப்பி, அட்டைப்பெட்டிகளின் ஓரத்தில் விழுகிறார். முழங்கை மடிந்து எலும்பு வெளியே வருகிறது. அவர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, யாரோ கொடுத்த பொருளைப் போல இன்னொரு கையால் பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறார். அவ்வளவுதான். பாதி எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கோடு என் திரையை விட்டே மேலே போய்விட்டது. வெளியே போகும்போது எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. "அது நிஜமா?"

அந்த டூப் என் தங்கச்சி புருஷன்.

மாப்பிள்ளைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். நாயகனின் உயரம், அதே தோள், அதே நடை. முகமூடி போட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. நாயகனுக்கு நாற்காலி மேல் ஏறி நின்றாலே தலை சுற்றும். ஐந்து பாகத்தில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு பாய்ச்சலும் மாப்பிள்ளையுடையது. ஆனால் நாயகனே குதிக்கிறார் என்று எழுதினால்தானே ஓடும்? எழுதினேன். 'எல்லாம் நிஜம்' என்று ஊர் முழுக்கத் தட்டி வைத்தேன். மாப்பிள்ளையின் கை முறிந்ததை நாயகனின் கை முறிந்ததாக அறிவித்தோம். அவர் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் புன்னகைத்தார்.

தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, கை ஒடிஞ்சது என் புருஷனுக்கு. கட்டுப் போட்டுக்கிட்டு இளிக்கிறது அந்தாளு. வலி மட்டும் எங்க வீட்டுக்கா?"

மாப்பிள்ளை படுத்தபடியே சிரித்தார். "விடும்மா. வலியாவது நம்ம பேர்ல இருந்துட்டுப் போகட்டும்."

அதற்கப்புறம் நடந்த சின்ன விஷயங்களை நீங்கள் இதுவரை விபத்து என்றே எழுதி வைத்திருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளலாம். ஆறாம் பாகத்துக்கு ஒரு கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு வரும் காட்சி. உடைவதற்கென்றே செய்யும் போலிக் கண்ணாடிக்குப் பதிலாகக் கடைக் கண்ணாடி வந்து சேர்ந்தது. மாற்றியது நான். வில்லனுக்கு டூப் போட்டவர் மறுபக்கம் வந்து நின்றார். கன்னத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துத் தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போய்ப் பல்லில் இடித்தது. பிறகுதான் கண்ணிலும் ஏதோ இருப்பது அவருக்குத் தெரிந்தது. அந்தத் துண்டுப் படம் வெளியே கசிந்தது. கசிய விட்டதும் நான். இப்போது அவர் ஒரு கடையில் காசாளராக இருக்கிறார். அந்த வேலைக்கு ஒரு கண் போதும்.

தீக்காட்சியில் உடம்பில் பூசும் குளிர்க்களிம்பில் தண்ணீர் கலந்ததும் நான்தான். கொஞ்சம்தான் கலந்தேன். அதைப் பூசிக்கொண்ட இன்னொரு டூப்பின் முதுகுத்தோல் உடையோடு சேர்ந்து சட்டை மாதிரி கழன்று வந்தது. அதையும் கசிய விட்டதும், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு நன்றாக ஏறியது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் ஏறி நின்றுவிட்டு இறங்கும். ஜனத்துக்கு முகம் தெரியாதவர்களின் ரத்தம் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும் என்று புரிந்துகொண்டேன். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை சார், கோடு. நான் படித்துச் சொல்கிறவன்.

முதுகு வெந்தவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாப்பிள்ளை வேலையை விட்டார். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக என் அறைக்கு வந்து சொன்னார். "இனிமே மேல போறதும் லிஃப்டுலதான் மச்சான், கீழ வர்றதும் லிஃப்டுலதான்" என்று சொல்லி முழங்கையைத் தடவிக்கொண்டார். அது சரியாகக் கூடவில்லை. மழை வந்தால் முன்கூட்டியே சொல்லும்.

அன்று மாலை தங்கச்சி போன் செய்தாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் பேசினால்தான் எனக்குப் பயம்.

"எனக்கு இவரு முழுசா வேணும்ண்ணே. மறுபடி அந்த உடைக்குள்ள இவரைப் போடமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடு."

கொடுத்தேன். மனசாரக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் மீறவில்லை என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் பாகத்துக்குப் பரிசோதனைக் காட்சி வைத்தோம். கோடு ஐந்தாம் பாகத்தைவிட மோசம். இடைவேளையில் போனவர்கள் குமிழைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி என் அறைக்கு வந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"ஜனத்துக்குச் சலிச்சுப்போச்சுய்யா போஸ்டர். இனிமே எவனாவது செத்தாத்தான் திரும்பிப் பார்ப்பாங்க போலிருக்கு."

சிரித்தார். நானும் சிரித்தேன். லிஃப்ட் வருவதற்குள் அவர் அதை மறந்திருப்பார். இதில் அவரை இழுக்காதீர்கள். மறக்காமல் உட்கார்ந்திருந்தது நான்.

யோசித்துப் பார்த்தேன். ஜனத்துக்கு முகம் தெரிந்த ஒரே ஆள் நாயகன். ஏழாம் பாகத்துக்கும் எட்டாம் பாகத்துக்கும் தேதி குறித்தாகிவிட்டது. பொம்மைகூடத் தயார். நாயகனின் முகத்தையும் நடையையும் குரலையும் முன்பே அளந்து கணினியில் வைத்திருக்கிறோம். எப்படியும் முகமூடி. அவர் இல்லாமல் இரண்டு படமென்ன, இருபது படம் எடுக்கலாம். அவர் சாகாமல்தான் ஆறாம் பாகத்தை ஓட்ட முடியாது. இதில் பகை எதுவும் கிடையாது. என் பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்துச் சொல்லும் மனிதர்.

வணிக வளாகத்தின் மொட்டைமாடியிலிருந்து நாயகன் நேரடியாகக் குதித்து மேடையில் இறங்குவார் என்று அறிவித்தேன். முன்னோட்டம் வெளியிடும் விழா. பட்டப்பகல், ராட்சதத் திரை, ஊரே கூடும். நாயகன் ஒப்புக்கொண்டார். உயரத்துக்குப் பயம் போக ரகசியமாகப் பயிற்சி எடுப்பதாகச் சொன்னார். அவர் கயிற்றில் தொங்கும் படங்களை நானே எடுத்து வெளியிட்டேன். முழு உயரத்தில் இல்லை, தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில். கீழ்ப்பாதியை வெட்டிவிட்டால் வானம்தான் தெரியும். வெட்டியது நான். அதை அத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கே அவர் வானத்தில் தொங்குவதாகத் தோன்றிவிட்டது. மாப்பிள்ளையும் போய்விட்டார், அந்த அளவுக்கு வேறு டூப்பும் கிடையாது. அதனால் குதிக்கப்போவது நாயகன்தான் என்று நம்பினேன். நாற்பது வருஷ அனுபவம், நான் எழுதிய விளம்பரத்துக்கு நானே ஏமாந்தேன். இந்த ஒன்றுக்குத்தான் வெட்கப்படுகிறேன்.

கயிற்று வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சண்டை மாஸ்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு விலகிவிடுவார். அதற்குப் பிறகு கயிற்றைத் தொடும் உரிமை குதிக்கிறவனுக்கு மட்டும்தான். அவன் இடுப்புக் கொக்கியைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பான். அது பிடித்துக்கொண்டால்தான் குதிப்பான். மாஸ்டர் தன் ஆட்களுக்கு முதல் நாள் கற்றுக்கொடுப்பதே இதைத்தான்.

மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தபோது மாடிக்குப் போனேன். படியேறித்தான் போனேன். முழங்கால் உயிர் போயிற்று. கயிற்று நுனியில் கொக்கி தயாராகத் தொங்கியது. அதன் வாயில் ஒரு திருகுபூட்டு. அதைப் பாதிவரை கழற்றி, இறுகியிருப்பது போலத் தெரியும்படி விட்டேன். சும்மா நின்றால் பிடிக்கும். பாதி வழியில் வேகம் குறையும்போது விழும் இழுப்பைத் தாங்காது. ஆனால் மேலேயே ஒரு தடவை சுண்டி இழுத்தால் வாயைத் திறந்துகொண்டு கையோடு வந்துவிடும்.

அதனால் நாயகனின் வண்டிக்குப் போய்ச் சொன்னேன். "ராட்சதத் திரையில உங்க விரல்கூடத் தெரியும். கயித்த இழுத்துப் பாக்குற கருங்கீரிய எவன் நம்புவான்? கயித்தத் தொடவே கூடாது. நேரா நடந்து வாங்க, கைய விரிங்க, குதிங்க." அவருக்கு முகம் வெளுத்திருந்தது. தலையாட்டினார். குதிக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றார். வாய் குழறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே வந்து புகைப்படக்காரரை மேடை ஓரத்தில் நிறுத்தினேன். எங்கே நிற்க வேண்டும் என்று செருப்பால் கோடு போட்டுக் காட்டினேன். அவ்வளவு பொருத்தமாக அவர் எப்படி நின்றார் என்று போன வாரம் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கருங்கீரி வந்து நின்றான். ஜனம் ஆர்ப்பரித்தது. ராட்சதத் திரையில் அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. கொக்கியைத் தொடும் தூரத்தில் நின்றது. மேடைப் பக்கத்திலிருந்து மாஸ்டர் "இழுத்துப் பாரு" என்று கத்தினார். இசைச் சத்தத்தில் அது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. கை திரும்பிப் போய் விரிந்துகொண்டது. பரணில்கூட ஏறாத ஒரு நடிகனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியதா என்று கேட்காதீர்கள்.

குதித்தான். பாதி தூரம் பறவை மாதிரி வந்தான். பிறகு கயிறு மட்டும் மேலே நின்றுவிட்டது. பலகையில் விழுந்த சத்தம் ஒலிபெருக்கி வழியாக இரண்டு தடவை கேட்டது. அப்போதுதான் நான் ஓடினேன். முதலில் போய்க் கட்டிக்கொண்டு அழுகிறவன் நானாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

தலையை மடியில் வைத்தேன். முகமூடிக் கீறல் வழியாக ரத்தம் குமிழியிட்டது. உள்ளிருந்து குரல் வந்தது.

"மச்சான்."

அந்த ஒரு வார்த்தையில் உள்ளே இருப்பது யார் என்று விளங்கிவிட்டது. காலையில் நாயகன் போன் செய்து அழுதிருக்கிறார். பாவம், பயந்த மனுஷன், இது ஒன்றோடு போகட்டும் என்று மாப்பிள்ளை வந்துவிட்டார். வண்டிக்குள் உடையை மாற்றிக்கொண்டார்கள். கயிற்றைத் தொடக்கூடாது என்பது யார் உத்தரவு என்று கேட்டிருக்கிறார். போஸ்டர் சொன்னார் என்றிருக்கிறார்கள். மச்சான் சொன்னால் காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார். இதெல்லாம் நீங்கள் நாயகனிடம் வாங்கிய வாக்குமூலத்திலிருந்து எனக்குத் தெரிந்தது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க மச்சான். லிஃப்ட் வேலைன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இருமினார். பிறகு, "கழட்டுங்க. மூச்சு முட்டுது" என்றார்.

முகமூடிக்குப் பின்கழுத்தில் ஒரு ஜிப். ஒரே இழுப்பு. மாஸ்டர் ஆம்புலன்ஸுக்கு வழி கேட்டுக் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எங்களைச் சுற்றி எத்தனை போன்கள் நீட்டியிருந்தன என்று சொல்லமுடியாது. நான் யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். இந்த முகம் வெளியே வந்தால், வருஷக்கணக்காக நான் எழுதிய ஒவ்வொரு வரியும் பொய். நாயகன் வண்டிக்குள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு டூப் விழுந்தது ஒரு வாரச் செய்தி. இன்னும் கொஞ்ச நேரம், ஆம்புலன்ஸ் கதவு சாத்தும் வரைக்கும், இது கருங்கீரியாகவே இருந்துவிட்டால் போதும். குனிந்து அவரைக் கட்டிக்கொண்டேன். கண்ணீர் வந்தது. அது நடிப்பில்லை.

புகைப்படக்காரர் எடுத்த படம் இதோ உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. சாயங்காலத்துக்குள் உலகமே பார்த்தது. உண்மை தெரிவதற்குள் முதல் வாரம் முழுக்க முன்பதிவிலேயே அரங்கு நிறைந்துவிட்டது. கருங்கீரியின் முகத்தோடு முகம் வைத்து நான் அழுகிறேன். அவன் கறுப்புக் கையுறை என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. விடைபெறுகிறான் என்று எல்லாரும் எழுதினார்கள்.

தங்கச்சி அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கடைசியா உன் கையைத்தானே பிடிச்சிருக்காரு, என்னண்ணே சொன்னாரு?" உன்னைப் பற்றித்தான் பேசினார் என்றேன். அது பொய்யில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் விழுந்த அடியில் சாவு என்று எழுதியிருக்கிறார். நல்ல டாக்டர்தான், ஆனால் தப்பு. மாப்பிள்ளை அந்த அடியைத் தாங்கிவிட்டார். மாஸ்டரின் ஆட்களுக்கு விழத் தெரியும். என் மணிக்கட்டை அவர் விடைபெறப் பிடிக்கவில்லை. அந்தக் கீறல்களின் மேல் அழுந்தியிருந்த என் உள்ளங்கையை விலக்கப் பார்த்தார். நல்ல பலம் இருந்தது, முறிந்து கூடாத கைக்கு.

நீங்கள் கொலை என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். நான் செய்தது, அவர் பிடி தானாகத் தளரும்வரை கையை எடுக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.